மழைக்குப் பின் இளம்புல் மேயும் மாட்டுக்கு வைக்கோலும் ஏன் தேவை?

அசைபோடுதல் என்பது, மாடு அவசரமாக விழுங்கிய தீனியை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து உமிழ்நீர் சேர்த்து நிதானமாக மெல்வதாகும். ஆனி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மழையில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து வரப்புகளெல்லாம் பச்சை பிடிக்கும்போது, அந்த இளம்புல்லை மட்டும் மேய்ந்த மாடு நீராகக் கழிவதற்கான காரணம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

இளம்புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர், நார் குறைவு. நார் உள்ளே உரசினால்தான் அசைபோடும் தூண்டல் எழும். அசைபோட்டால்தான் உமிழ்நீர் பெருகும். வளர்ந்த பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேலும் ஊறக்கூடிய அந்த உமிழ்நீரில், சமையல் சோடாவில் உள்ள அதே உப்பு கரைந்திருப்பதால், முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் புளிப்பை அது அடக்கிவைக்கிறது. அதிகம் புளித்த தோசைமாவில் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். நார் குறைந்து அசைபோடுவது குறைந்தால், அந்தப் புளிப்பு மிஞ்சி மாடு நீராகக் கழியும். ஆகவே, மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடும் முன் இரண்டு மூன்று கிலோ வைக்கோலோ சோளத்தட்டோ போடுவது நல்லது. (காய்ச்சலோ இரத்தமோ சேர்ந்த கழிச்சல் வேறு, அதற்குக் கால்நடை மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும்.)

கழிந்து இளைத்த மாட்டுக்கு அரிசிக்கஞ்சி தெம்பு தரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கஞ்சியின் மாவுச்சத்து விரைவில் புளிப்பதால், இரைப்பையின் புளிப்பு கூடுமே தவிரக் குறையாது.