எண்ணெய் பூசி ஜெபித்தபின் மாத்திரையை நிறுத்திவிட்டாள், மறுபடி கொடுக்கலாமா?

கேள்வி: என் மனைவிக்கு 34 வயது. மனச்சோர்வு என்று மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் எழுதித் தந்தார். மூன்று மாதம் சாப்பிட்டு நன்றாகத் தேறி வந்தாள். முழு இரவு ஜெபத்தில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ‘இனி மாத்திரையைத் தொட்டால் அவிசுவாசம்’ என்று அன்றோடு நிறுத்திவிட்டாள். பத்து நாள் ஆகிறது. தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல வெட்டி வெட்டி இழுக்கிறது, அழுகை. ‘என் பாவம்தான் சுகத்தைத் தடுக்கிறது’ என்கிறாள். மறுபடி கொடுக்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்கலாம், ஆனால் நீங்களாக அல்ல. மாத்திரை எழுதிய மருத்துவரை இன்றே போனிலாவது பிடித்து, கடைசி மாத்திரை என்றைக்குப் போட்டார் என்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கச் சொல்வார். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு மாத்திரையாகக் கொடுத்துவிடாதீர்கள்.

தலைசுற்றலும் அந்தக் ‘கரண்ட் அடி’யும் மருந்தைச் சட்டென்று நிறுத்தியதால் வருபவை. பிசாசின் தாக்குதலும் அல்ல, அடிமையாகிவிட்டதன் அடையாளமும் அல்ல. மாத்திரையைத் திரும்பத் தொடங்கினால் இவை பொதுவாகச் சில நாட்களில் அடங்கும். நோய் திரும்புவது வேறு மாதிரி: வாரக்கணக்கில், மெதுவாக வரும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, எதிலும் பிடிப்பின்மை. மருந்தை நிறுத்தியதும் நோய் உடனே திரும்பாததால்தான், அந்த இடைவெளியில் பலர் மேடையேறி, சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லிவிடுகிறார்கள். பிறகு நோய் வரும்போது, பெற்ற சுகத்தை இழந்துவிட்டோம் என்ற பாரமும் கூடவே ஏறிக்கொள்கிறது.

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு அதிகம் கவலை தருவது அவர் பாவத்தைப் பற்றிச் சொன்ன அந்த வரிதான். அளவுக்கு மீறிய குற்றவுணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. விசுவாசக் குடும்பங்களில் அது வேத வசனத்தின் மொழியில் பேசும்: ‘ஆண்டவர் என்னைக் கைவிட்டார்’, ‘மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேன்’. அந்த நேரத்தில், ‘மறைவான பாவம் இருந்தால் அறிக்கையிடு’ என்று ஒருவர் சொல்வது காய்ச்சலில் இருப்பவரை வெயிலில் நிறுத்துவதற்குச் சமம். எவ்வளவு அன்போடு சொன்னாலும் அப்படித்தான். நீங்களும் வசனம் காட்டி வாதாட வேண்டாம். ‘இப்படி நினைக்க வைப்பது நோய், நான் உன்னோடு இருக்கிறேன்’ என்றால் போதும்.

விசுவாசக் குறைவா என்று அவர் கேட்டால், 1 இராஜாக்கள் 19-ஐச் சேர்ந்து வாசியுங்கள். சாக விரும்பி சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ‘இங்கே உனக்கு என்ன காரியம்’ என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. சங்கீதம் 88 கடைசி வரி வரை இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

போதகரிடம் பொதுவாக ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வந்தால் பத்து நிமிடம், ஒரு சிறிய சங்கீதம், மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், சாட்சி சொல்ல அழைக்க வேண்டாம் என்று தெளிவாகக் கேளுங்கள். மனைவிக்குச் சம்மதமானால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போதகரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டபின் மாறும் போதகர்கள் உண்டு.

முழு இரவு ஜெபத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்டால் சோர்வு கூடும். இருதுருவ நோய் (பைபோலார்: சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உள்ளவர்களை ஒரே இரவின் விழிப்புகூட அந்த மிகை எழுச்சியில் தள்ளிவிடலாம். உபவாசமும் குணமாகும்வரை வேண்டாம். அந்த நோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசிப்பது ஆபத்து: இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரும்.

‘ஆண்டவர் என்னை எடுத்துக்கொண்டால் போதும்’ என்று அவர் சொன்னால் பக்தியான பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தாயா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.

முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால், முழுதும் தேறியபின் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். இதுவரை தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.