அப்பாவின் தோசையும் சிறுநீரகக் கொழுப்பும்

அன்புள்ள ஐயா,

வயதானவர்களின் சிறுநீரகத்தில் கொழுப்புத் துளிகள் சேர்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து என் அப்பா (வயது 71) தோசைக்குக்கூட எண்ணெய் வேண்டாம் என்கிறார். அவருக்குக் கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருக்கிறது. சாப்பிடும் எண்ணெயா அங்கே போய்ப் படிகிறது?

உங்கள் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மருத்துவர் தடுக்கவில்லை என்றால், தோசைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். நான் இன்னும் விளக்கமாக எழுதியிருக்க வேண்டும். வருந்துகிறேன்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர். வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மிச்சத்தை உப்போடும் சர்க்கரையோடும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புபவை நுண்குழாய்ச் செல்கள். ராப்பகலாக நடக்கும் இந்த வேலைக்கு, வடிகட்டியை ஒட்டிய முதல் பகுதிக் குழாயின் செல்கள் பெரும்பாலும் கொழுப்பு அமிலத்தைத்தான் எரிக்கின்றன. ஆக, கொழுப்பு அங்கே விறகு. செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா அடுப்பு.

வயதானால் அடுப்பு மந்தமாகிறது. கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சேர்க்கும் சிபிடி1 என்ற நொதியும், அதை முடுக்கிவிடும் பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற புரதமும் கிழட்டு எலிகளின் சிறுநீரகத்தில் குறைந்துவிடுகின்றன. விறகு வந்துகொண்டே இருக்கிறது, எரியத்தான் இல்லை. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ரசத்தின் மேல் மிதக்கும் நெய்ப் பொட்டுகள் போல செல்லுக்குள் சிவப்புத் துளிகள் தெரியும்.

துளிகளைவிட எனக்குக் கவலை அந்தச் செல்லின் பசிதான். ஆற்றல் கிடைக்காத செல் நலிகிறது, சுற்றிலும் தழும்பு போன்ற நார்த்திசு வளர்கிறது. சிறுநீரக ஆய்வாளர் கேட்டலின் சுஸ்டாக் குழுவினர் 2015-ல் எலிகளில் இந்த எரிப்பை மீட்டுக் காட்டினார்கள், நார்த்திசு குறைந்தது. மனிதர்களுக்கு இன்னும் அப்படி ஒரு மருந்து கைக்கு வரவில்லை.

ரத்தக் கொலஸ்ட்ரால் வேறு கணக்கு. 2011-ல் வெளிவந்த ஷார்ப் ஆய்வில் சுமார் 9,000 சிறுநீரக நோயாளிகளுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் அடைப்புப் பாதிப்புகள் மொத்தத்தில் குறைந்தன. சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை.

அப்புறம், அப்பாவின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினினை (தசையிலிருந்து வரும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) மட்டும் பார்க்காதீர்கள். தசை குறைந்த உடம்பில் அது நல்லபடியாகத் தெரிந்து ஏமாற்றும். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பாருங்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கட்டும். மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் அவராக வாங்கிப் போடும் மாத்திரை ஏதாவது இருந்தால், அதை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.