முள்ளந்தண்டின் அடியில் கட்டி: அடுத்த ஸ்கேனில் எதைக் கேட்க வேண்டும்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: “மனைவிக்கு 22 கிழமை. பிள்ளையின் முள்ளந்தண்டு முடியும் இடத்தில் 4 சென்டிமீற்றர் கட்டி, டெரட்டோமாவாக இருக்கலாம் என்று ஸ்கேனில் சொன்னார்கள். புற்றுநோயா டொக்டர்? ஊசியால் சதை எடுத்துப் பார்க்க ஏலாதா?”

தம்பி, இது வால் எலும்பின் நுனியில் வளரும் கட்டி. ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பிறப்புக்கு ஒன்று, பெண் பிள்ளைகளில்தான் கூட. பிறந்தவுடன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி. கருவில் ஊசி குத்தினால் இரத்தம் கசியும். அதனால் வழமையில் குத்துவதில்லை.

முதுகைப் பார்த்த கையோடு தலையையும் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். முள்ளந்தண்டு மூடாத குறையிலும் அதே இடத்தில் பை போலத் தெரியும். அதுவென்றால் பின்மூளையின் வடிவமும் மாறியிருக்கும்.

எனக்குக் கட்டியின் பெயரைவிட அதற்குள் ஓடும் இரத்தம்தான் கவலை. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளர் ஸ்கேனைப் போட்டதும் கட்டிக்குள் சிவப்பும் நீலமும் நிறைந்து தெரிந்தால், பிள்ளையின் குட்டி இதயம் தனக்கும் கட்டிக்கும் சேர்த்து அடிக்கிறது என்று அர்த்தம். இதயம் களைத்தால் பெருக்கும். வயிற்றிலும் நெஞ்சிலும் தோலுக்கடியிலும் நீர் கட்டும். உள்ளே வெறும் நீர்ப்பை என்றால் பெரும்பாலும் நிம்மதி. ஆகவே கேளுங்கள்: திண்மம் எவ்வளவு, நீர் எவ்வளவு? போன ஸ்கேனைவிட எவ்வளவு வளர்ந்தது? இதயத்தின் அளவு சரியா? இடுப்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது? கடைசிக் கேள்விக்கு எம்.ஆர்.ஐ. நன்றாக உதவும், அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை.

மனைவியையும் பாருங்கள். நாலைந்து நாளில் வயிறு பெருத்துத் தோல் பறைபோல இறுகினால், படுக்க மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், இடுப்புவலி விட்டுவிட்டு வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே கூட்டிப் போங்கள்.

பிறப்பு எங்கே என்பதை இப்போதே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மகப்பேற்று நிபுணரோடு பேசுங்கள். குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் வேண்டும். கட்டி 5 சென்டிமீற்றரைத் தாண்டினால் பெரும்பாலும் சீசர்தான். சுகப்பிரசவத்தில் அது கிழிந்து இரத்தம் போகலாம். பிறகு வால் எலும்போடு சேர்த்துக் கட்டியை எடுப்பார்கள், எலும்பை விட்டால் திரும்ப வளரக்கூடும். அப்புறம் கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்கச் சில வருடங்களுக்கு இரத்தப் பரிசோதனை.

இதுவரை எடுத்த ஸ்கேன் படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் திகதி வாரியாக ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொரு முறையும் கையில் கொண்டு போங்கள்.