"சட்டம் வந்து 60 வருஷம் ஆச்சே" என்று சொல்லிவிட்டேன், இப்போது என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில், அட்லாண்டாவில் மென்பொருள் வேலை. மதியச் சாப்பாட்டின்போது இனப் பாகுபாடு பற்றிப் பேச்சு வந்தது. "சட்டம் வந்து 60 வருஷம் ஆச்சே, நாங்கள் இரண்டு பெட்டியோடு வந்து முன்னேறவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். உடன் வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி, அறுபதை நெருங்குபவர், அன்றிலிருந்து வேலை விஷயம் தவிர எதுவும் பேசுவதில்லை. மன்னிப்புக் கேட்டால் சரியாகுமா?

பதில்: கேளுங்கள். ஆனால் எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது 1964-இல். உங்களுக்கு அது வரலாறு. அவருக்கு அது அம்மா அப்பாவின் கதை. உணவகம், வேலை, பள்ளி எல்லாவற்றையும் அந்தச் சட்டம் தொட்டது. வீட்டை மட்டும் அவ்வளவாகத் தொடவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1930களில் அரசு அமைப்பு ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. 1934-இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் வெள்ளையர் குடியிருப்புகளின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தந்தது, கறுப்பர் பகுதிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியது. வீடு விற்பதில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட ஒரு வாரத்தில்தான் கையெழுத்தானது. அதற்குள் வெள்ளையரில் ஒரு தலைமுறை வீடு வாங்கி முடித்திருந்தது.

தாத்தா வாங்கிப் போட்ட மனை பேத்தியின் கல்லூரிக் கட்டணமாவது நம் ஊரில் தெரியாத கதையா? 2022-இல் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்கில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்களுக்கு இதைவிடக் கூட, பாதிக்குக் குறைவு) 2,85,000 டாலர், கறுப்பர் குடும்பத்துக்கு 44,900. சம்பளத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது.

அப்புறம் அந்த இரண்டு பெட்டி. 1946 முதல் 1965 வரை இந்தியர்களுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர். கறுப்பர்களின் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் 1965 அக்டோபரில் அந்தக் கதவு திறந்தது. கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்கும் வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. திறந்த கதவும் எல்லோரையும் விடவில்லை. பெரும்பாலும் படித்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும்தான் உள்ளே விட்டது. பெட்டி இரண்டுதான், ஆனால் ஒன்றில் பட்டம் இருந்தது. உங்கள் கேள்வியில் அவருக்குச் சுட்டது "நாங்கள்" என்ற அந்தச் சொல்லாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

தனியாக இருக்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள்: "அன்றைக்கு நான் எங்களோடு ஒப்பிட்டுப் பேசியது தப்பு. தெரியாமல் பேசினேன், மன்னித்துவிடுங்கள்." "மனசு புண்பட்டிருந்தால்" என்று இழுக்காதீர்கள், அது தப்பை அவர் மனசின் மேல் போடுகிறது. இப்போது படித்த வரலாற்றை அவரிடமே ஒப்பிக்கவும் வேண்டாம், "எனக்கு விளக்குங்களேன்" என்று கேட்கவும் வேண்டாம். அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிட்டு, வழக்கம்போல வணக்கம் சொல்லி வேலையைப் பாருங்கள். பழைய நெருக்கம் வர மாதங்கள் ஆகலாம், வராமலும் போகலாம்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் "அந்தக் கருப்பன்" என்று தமிழில் பேசுவது உண்டு. மொழி புரியாவிட்டாலும், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது பக்கத்து மேசைக்குப் புரியும்.