லயத்தில் வினாக்கொத்து வெறுமையாக வந்தால்

தங்கச்சி, நகரத் திட்டமிடல் இறுதியாண்டு ஆய்வுக்குப் இலங்கையின் பதுளைப் பக்கம் லயங்களில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) வினாக்கொத்து கொடுத்தால் எல்லோரும் ‘பிரச்சினை இல்லை’ என்றே எழுதுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். காலை பத்து மணிக்கு, அதுவும் வேலையை மேற்பார்க்கிற கங்காணியோடு போனால் அப்படித்தான் வரும், வேலைக்காரர்கள் மலையில் நிற்பார்கள், வீட்டில் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பின்னேரம் பறித்த தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் தனியாகப் போங்கள். தாளை மடித்து வைத்துவிட்டு இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, சுவர் வெடிப்பு எந்த மழைக்கு வந்தது என்று கேளுங்கள், அவர்களே கூட்டிப்போய் வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டுவார்கள். அந்த இடங்களைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் குறியுங்கள், ஆய்வின் உயிரே அதுதான். 2014 ஒக்டோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைந்தபோது, முன்பே எச்சரிக்கை இருந்தும் ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். ஏன் போகவில்லை என்பதை வரைபடம் சொல்லாது, அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், கொள்கை அத்தியாயத்தில் பிரதேச சபைச் (உள்ளூராட்சி சபை) சட்டத்தின் 33ஆம் பிரிவையும் அதை மாற்றிய 2018 திருத்தத்தையும் விட்டுவிடாதீர்கள். தோட்டப் பாதைக்குச் சபைப் பணம் போக முடியாமல் இருந்தது அந்தப் பிரிவால்தான்.