தாயத்து, மந்திரித்த கயிறு, நீலக்கண் மணி: இந்தக் காலத்திலும் இதையெல்லாம் நம்புகிறவர்கள் இருக்கிறார்களா? மற்ற நாடுகளிலும் இப்படி உண்டா?

‘இந்தக் காலத்திலும்’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுப் பெரியவர் யாரோ உங்கள் கையில் கயிறு கட்டி, அதைப் பார்த்து நண்பர்கள் கேலி செய்திருக்க வேண்டும். அந்தக் கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்று. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். தாயத்து கட்டினால் நோய் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. அதனால் பகுத்தறிவு பேசுகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

எங்கள் வீடு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. மாடியில் நான்கு அறைகளை வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், வங்கதேசம், எப்போதாவது பூட்டான். எங்கள் தெருக் கடைகளில் வங்காளி எழுத்தில்கூட போர்டு இருக்கும். வருகிறவர்கள் உடம்பில் ஏதாவது ஒரு காப்பு இல்லாமல் நான் பார்த்தது குறைவு. வங்காளிகள் ‘மாதுலி’ என்பார்கள்: சின்ன உலோகக் குழாய், உள்ளே எழுதிய தாளோ வேரோ வைத்து மெழுகால் அடைத்தது. நம் தாயத்தேதான். பூட்டான்காரர் கழுத்தில் லாமா மந்திரம் சொல்லி முடிச்சுப் போட்டுக் கொடுத்த கயிறு. இவர்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து டாக்டரைத் தேடி வந்தவர்கள். தாயத்து கட்டியதால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வராமல் நின்றுவிடவில்லை. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2014-ல் என் மகனுக்கு நாலு வயது. திடீரென்று வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். அவன் கழுத்தில் என் மாமியார் தர்காவில் ஓதி வாங்கிவந்த தாயத்து, இடுப்பில் வெள்ளி அரைஞாண். நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் எங்கள் பக்கம் பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்றால் தர்காவுக்குத் தூக்கிப் போவது சகஜம். ஸ்கேன் அறை வாசலில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். சரியான காரணம்தான். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பைப் பிடித்து இழுத்துவிடும், மற்ற உலோகமும் சூடேறலாம், படத்தைக் கெடுக்கலாம். எனக்குத் தெரியும். அத்தைக்கு எப்படிப் புரியவைப்பது? “நாப்பத்தோரு நாள் கழட்டக் கூடாதுன்னு சொல்லிக் கட்டினாங்கம்மா. இப்பக் கழட்டினா புள்ளைக்கு இன்னா ஆவும்?” என்று கயிற்றைக் கையால் மூடிக்கொண்டார். நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்ததும் அழ ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

எங்கள் மாடியில் தங்கியிருந்த, மேற்கு வங்காளத்தின் பர்தமான் ஊர் அக்கா துணைக்கு வந்திருந்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அத்தை எதிரில் வந்து உட்கார்ந்து தன் இடது கையை நீட்டினார். வெள்ளைச் சங்கு வளை, சிவப்பு வளை, கூடவே தங்கமுலாம் பூசிய மெல்லிய ஒற்றை வளை. அதை ‘லோஹா’ என்பார்கள், உள்ளே இரும்பு. புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று போடுவது, சுலபத்தில் கழற்ற மாட்டார்கள். முந்தைய வாரம் அவருக்கும் முதுகுக்கு அதே ஸ்கேன். அந்த இரும்பு வளையைக் கழற்றிக் காட்டினார். புருஷனுடைய சட்டைப் பையில் போடுவதுபோல் கையால் செய்து, நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் வளையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றின் முடிச்சில் விரலை வைத்தார். எண்ணெயும் வேர்வையும் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். கத்தரி படவில்லை. தாயத்தை முந்தானையில் முடிந்து, பிள்ளை வெளியே வரும்வரை அந்த முடிச்சைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

படத்தில் கோளாறு எதுவும் இல்லை. இரண்டு வருஷம் மாத்திரை கொடுத்தோம், ஒரு வேளைகூடத் தவறவில்லை. குணமானது மாத்திரையால்தான். ஆனால் மாத்திரை எழுத டாக்டருக்குத் தெரியும், பில் கட்ட என் கணவருக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிந்தது அந்தக் கயிறு மட்டும்தான். அதைப் பிடுங்கிவிட்டு அவரைச் சும்மா உட்காரச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மற்ற நாட்டுக் கதைக்கு வருகிறேன். இவற்றையெல்லாம் ‘அதிர்ஷ்டப் பொருள்’ என்ற கணக்கில்தான் பலர் பார்க்கிறார்கள். பாதிக்கு மேல் அதிர்ஷ்டத்துக்கானவை இல்லை, கண்ணேறு படாமல் இருக்க. துருக்கியின் நீலக் கண்ணாடி மணி அப்படித்தான். அதன் பெயரான ‘நஸர்’ அரபிச் சொல், பார்வை என்று பொருள். எங்கள் ஊர் உருதுக்காரர்கள் பிள்ளைக்குக் கண் பட்டால் ‘நஜர்’ என்பது அதே சொல். நாம் ‘கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது’ என்கிறோம். இரும்பும் அப்படித்தான். ஐரோப்பாவில் வாசலில் குதிரை லாடம் அடிப்பார்கள், நாமும் அடிக்கிறோம். பிள்ளை பெற்றவள் பக்கத்தில் இரும்புத்துண்டு வைப்பதும் அதே எண்ணம்தான். ஜப்பானில் கோயிலில் கொடுக்கும் ‘ஒமாமோரி’ துணிப்பையைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. ஒரு வருஷம் ஆனதும் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவார்கள்.

செல்போன் கடைகளில் கை ஆட்டும் பூனை பொம்மை பார்த்திருப்பீர்கள். சீனா என்று நினைக்கிறார்கள், அது ஜப்பான் பூனை. வலது கை தூக்கினால் பணம், இடது கை என்றால் வாடிக்கையாளர். வெள்ளைக்காரர்களுக்கு அது டாட்டா காட்டுவதுபோல் தெரியுமாம். உள்ளங்கை கீழே பார்க்க விரல்களை மடக்கி ‘வா’ என்று கூப்பிடும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

எனக்குக் கோபம் விற்கிறவர்கள் மேல்தான். போன வருஷம் எங்கள் மாடியில் தங்கியிருந்த வங்கதேசப் பெரியவரிடம் ‘நரிக்கொம்பு’ என்று ஏதோ முடியும் எலும்பும் ஒட்டியதை 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டான் ஒருவன். நரிக்குக் கொம்பே கிடையாது. நரியைக் கொன்று விற்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.    

உங்கள் வீட்டில் யாருக்காவது எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருந்தால் தாயத்து, அரைஞாண், முலாம் பூசிய வளையல் எல்லாவற்றையும் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். கட்டியவர் கையாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் முடியும்வரை அது அவரிடமே இருக்கட்டும்.