ஜீன் ஆன், ஆஃப் ஆகறதை கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமாங்க?

கேள்வி: நான் கோபிச்செட்டிபாளையத்துல பயோடெக் மூணாவது வருசம் படிக்கறேனுங்க. ஜீன் எப்ப வேலை செய்யும்னு டீப் லேர்னிங் வெச்சுக் கண்டுபிடிக்கறாங்கன்னு எங்க சார் சொன்னாருங்க. எப்படிங்க அது?

பதில்: நல்லா கேட்ட கண்ணு. உங்கூருப் பக்கத்து மஞ்சக்காட்டையே எடுத்துக்க, கிழங்குலயும் இலையிலயும் இருக்கறது ஒரே டிஎன்ஏதான், எந்த ஜீன் எங்க ஓடோணும்ங்கறதுலதான் வித்தியாசமே. மனுசனோட டிஎன்ஏல சுமார் 300 கோடி எழுத்து (A, T, G, Cன்னு நாலு வகை ரசாயனத்தைத்தான் எழுத்துங்கறோம்), அதுல புரோட்டீனுக்கான பகுதி 2 சதவீதம்கூட வராது, ஜீனை கன்ட்ரோல் பண்ற இடமெல்லாம் பெரும்பாலும் மீதியிலதான் சிதறிக் கெடக்குது, சிலது ஜீன்ல இருந்து 10 லட்சம் எழுத்து தள்ளிக்கூட இருக்கும், அதைத் தேடறதுதான் பெரிய ரோதனை.

என்ன பண்றாங்கன்னா, டிஎன்ஏ எழுத்தை இன்புட்டா குடுத்து, எந்த செல்லுல எந்த ஜீன் எவ்வளவு ஓடுது, டிஎன்ஏ எங்க இறுக்கிச் சுருட்டாம திறந்திருக்குதுன்னு லேப்ல அளந்த டேட்டாவை விடையா காட்டி டீப் லேர்னிங் மாடலை, அதாவது டேட்டாவைப் பாத்துத் தானே கத்துக்கற கம்ப்யூட்டர் புரோகிராமைப் பழக்கறாங்க. 2015ல வந்த டீப்சீங்கற மாடல் ஒரு தடவைக்கு 1000 எழுத்துதான் பாத்துச்சு, 2021ல வந்த என்ஃபார்மர்ங்கற மாடல் ஏறக்குறைய 2 லட்சம் பாக்குது. எனக்கு ரொம்பப் புடிச்சது, பழகுன மாடல்ல ஒரே ஒரு எழுத்தை மாத்திப் போட்டு ரிசல்ட் எவ்வளவு மாறுதுன்னு பாக்கலாம், நோய்க்குக் காரணமான மாற்றத்தைத் தேடறவங்களுக்கு அது பெரிய உதவி.

ஆனா ஒரே ஜீன் ஆளுக்கு ஆள் ஏன் கூடக்கொறைய ஓடுதுன்னு கேட்டா இந்த மாடலுங்க தடுமாறுது, கூடுறதைக் கொறையுதுன்னே சொல்லிரும், அதனால லேப்ல செக் பண்ணாம நம்பிராத. பைத்தான் இப்பவே ஆரம்பிச்சுரு, ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் விட்றாத கண்ணு.